முக்கால் குறைவு

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அவசரப்படாம பாரு. இது ஒண்ணு. இது ரெண்டு."

"இப்படிக் கேட்டுக் கேட்டே என் பாதிச் சின்ன வயசு போயிடுச்சு. சரி, ரெண்டு."

"கடைசி வரி?"

"ஓ. டி. அதுக்கடுத்தது வாய் திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியல."

"அதத்தான் நான் உன்கிட்ட கேக்கறேன்."

"நீ சாவகாசமா கேளு. எனக்கு மூணரைக்குக் கப்பல்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என் மகள் யோருன். முப்பத்தாறு வயது. அவள் என் கண்ணாடிக் கடைக்குள் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கதவு மணி அடித்தது, நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பெண் படியைக் காலால் தடவி ஏறி உள்ளே வந்து, நான் நிற்கும் திசையை உத்தேசமாகப் பார்த்து, "அப்பாவா?" என்றாள். அவளுடைய அம்மா பெரித்தை அடக்கம் செய்த நாளில் கடைசியாகப் பார்த்தது. பதினொரு வருடம் கழித்து அவள் என்னிடம் நேரில் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

கண்ணாடி கடலில் விழுந்துவிட்டதாம். மேல்தளத்தில் நின்றிருக்கிறாள், உப்புத் தண்ணீர் தெறித்திருக்கிறது, துடைக்கலாம் என்று கழற்றியிருக்கிறாள்.

"மாத்துக் கண்ணாடி இருக்குமே?"

"இருக்கு. ட்ரொம்ஸோவுல, அட்டைப்பெட்டியில, 'உடையும் பொருள்'னு எழுதி லாரியில ஏத்தியாச்சு."

ட்ரொம்ஸோவைக் காலி செய்துவிட்டு பெர்கனில் வேலைக்குப் போகிறாள். லாரி சாலை வழியே போய்விட்டது. அவள் மட்டும் கடைசியாக ஒரு முறை இருக்கட்டுமே என்று கடலோரக் கப்பலில் ஏறியிருக்கிறாள். எங்கள் ஸ்கார்வ்னெஸ்ஸில் அந்தக் கப்பல் இரண்டே கால் மணி நேரம் நிற்கும். நிற்பது அவளுக்குத் தெரியும்.

"கண்ணாடி விழலைன்னா இறங்கியிருக்க மாட்டேன்," என்றாள் அவளாகவே. "சும்மா சொல்லிடறேன். நீ வேற மாதிரி நினைச்சுக்கக் கூடாதுல்ல."

"இல்ல இல்ல."

"வீடு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு," என்றேன்.

அது பொய்யில்லை. கடலுக்குள் நீண்டிருக்கும் முனையின் மேல் அந்த வெள்ளை வீடு அப்படியேதான் இருக்கிறது. கடலைப் பார்த்த பால்கனியும் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு விற்றுவிட்டேன், அவ்வளவுதான். அவர்கள் ஜூலையில் மூன்று வாரம் வந்து தங்குவார்கள். நான் கடைக்கு மேலேயே இரண்டு அறையில் இருக்கிறேன். என் ஜன்னலைத் திறந்தால் மீன் பதனிடும் கூடத்தின் பின்சுவர். கிறிஸ்துமஸுக்கு அவள் போன் செய்வாள். பனி எவ்வளவு, முட்டி வலி எப்படி என்று பேசுவோம். வீட்டைப் பற்றி அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்ட கேள்விக்கு முக்கால்வாசி பதில் சொல்லி நிறுத்திக்கொள்வது என் சுபாவம்.

சோதனை ஃபிரேம் அவள் மூக்கில் கனமாக உட்கார்ந்திருந்தது. வட்ட வட்டமாக உலோக வளையங்கள், பக்கத்தில் திருகுகள், ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு மூன்று வில்லைகள். சிறு வயதில் இதை மாட்டினால் அவள் ஆந்தை மாதிரி தலையைத் திருப்புவாள். இப்போது அசையாமல் இருந்தாள்.

பலகையை மாற்றினேன். பாதி சிவப்பு, பாதி பச்சை, இரண்டிலும் ஒரே எழுத்துகள்.

"எது மேல இருக்கறது கறுப்பா, அழுத்தமா தெரியுது?"

"சிவப்பு."

"அப்ப இன்னும் குறைச்சலா இருக்கு." கால் பவர் கூட்டினேன். "இப்ப?"

"இன்னும் சிவப்புதான். ஏன், சிவப்பு தெரிஞ்சா குறைச்சலா?"

"ஆமா. கிட்டப்பார்வைக்காரங்களுக்குப் பவர் பத்தலைன்னா சிவப்பு முன்னாடி வந்து நிக்கும், பச்சை பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். ரெண்டும் சமமாகற இடத்துல நிறுத்தணும். அதுக்கு மேல போகக் கூடாது."

இன்னொரு கால். இன்னொன்று. "இப்ப சமம்," என்றாள். நான் வளையத்தின் மேல் இருந்த எண்களைக் கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் கூட்டினேன். வலது கண் மைனஸ் ஏழரை. இடது ஏழேகால்.

என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் அவளுக்கென்று ஒரு ஜோடி வில்லை இருந்தது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை, அவள் கண் இப்போது எங்கே வந்து நின்றிருக்கும் என்று யோசித்து, உத்தேசமாக ஒரு ஜோடி வரவழைத்து வைப்பேன். முதலில் ஐந்து. பிறகு ஐந்தேமுக்கால். கடைசியாக ஆறரை. ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வந்தால், அரைமணி நேரத்தில் அறுத்துத் தேய்த்துக் கொடுத்துவிடலாம் என்று. வந்துவிட்டாள். ஆறரைதான் இருக்கிறது. மறைவில்கூட அவளுக்குக் குறைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

"என்ன, முகம் போற போக்கே சரியில்ல?"

"என் முகம் உனக்குத் தெரியுதா?"

"இத மாட்டினதுலேர்ந்து தெரியுது. கிழவனாயிட்ட."

"ஏழரை," என்றேன்.

"தெரியும். ட்ரொம்ஸோவுலயும் அதத்தான் சொன்னாங்க. லேசர் பண்ணிக்கன்னு கூட வேலை பாக்கறவ சொல்றா. பண்ணலாமா?"

"உன் கருவிழி எவ்வளவு தடிமன்னு அளந்து பாத்துட்டுச் சொல்லுவாங்க. பண்ணினா கண்ணாடி இல்லாம தூரம் தெரியும். ஆனா கண்ணோட நீளம் குறையாது. முன்பக்கத்தத்தான் செதுக்கறாங்க. உள்ள திரை இழுபட்டு மெலிஞ்சது மெலிஞ்சதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை மருந்து போட்டு உள்ள பாக்கச் சொல்லு. ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டினாலோ, திடீர்னு கறுப்பா நிறைய பூச்சி பறந்தாலோ..."

"அன்னிக்கே ஓடணும். தெரியும்ப்பா."

"அன்னிக்கே. மறுநாள்னு வைக்கக் கூடாது."

"உனக்கு ஞாபகம் இருக்கா, நீ எனக்கு முதல்ல எப்படிச் சொன்னன்னு?" அவள் சிரித்தாள். "'உன் கண்ணு உன்ன விட வேகமா வளர்ந்துடுச்சும்மா.' எனக்கு ஒரே பெருமை. வகுப்புல போய்ச் சொன்னேன், என் கண்ணு பெரியவங்க கண்ணுன்னு."

ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு ஏழு வயது. கண் ஒரு அறை, சினிமாக் கொட்டகை மாதிரி என்று சொன்னேன். பின்சுவர்தான் திரை. உனக்கு மட்டும் அந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் போய்விட்டது. படம் திரையில் விழாமல், திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது கரையும். நடுவில் குழிவாக ஒரு கண்ணாடி வைத்தால், அது படத்தைப் பின்னால் தள்ளித் திரையில் கொண்டுபோய் ஒட்டும். அவள் யோசித்துவிட்டு, "சுவத்த முன்னாடி தள்ள முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். கண்ணாடி படத்தைத்தான் நகர்த்தும், சுவரை நகர்த்தாது. அவ்வளவும் சரியாகத்தான் சொன்னேன். எந்த அளவுக் கண்ணாடி கொடுக்கப்போகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தவர்கள் நம்பினார்கள், நானும் நம்பினேன். பிள்ளைகளுக்கு முழுப் பவர் கொடுக்காதே. கொடுத்தால் கண் சொகுசு கண்டு இன்னும் வளரும். கொஞ்சம் குறைத்துக் கொடு, கண் தானாகப் பாடுபடட்டும், நம்பர் ஏறாது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அரை குறைத்துக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு முக்கால் குறைத்தேன். ஒன்பது வயதில் அவளுக்கு இரண்டேகால் வேண்டும். ஒன்றரை போட்டேன். அதையும் ஒன்றேகால் வருடம் மாற்றவில்லை. அதற்குள் கண் இன்னொரு முக்கால் வளர்ந்திருந்தது.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது தபாலில் வந்த தொழில் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கு நம்பர் குறைவாக ஏறவில்லை, கொஞ்சம் அதிகமாகவே ஏறியது என்று. பிறகு வேறு சிலர், அப்படியொன்றும் வித்தியாசம் இல்லை என்றார்கள். உதவியது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பத்திரிகையை மடித்துப் பழைய ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் பவர் கொடுத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யோருன் அதற்கு இரண்டு வருடம் முன்பே இங்கே வருவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"கதவுகிட்ட வா," என்றேன். "பலகையில பாத்தது போதாது. வெளிய தூரத்துல பாக்கணும்."

இது எப்போதும் செய்வதுதான். எவ்வளவு பெரிய பலகையானாலும் ஆறு மீட்டர்தான். உண்மையான தூரம் தெருவில்தான் இருக்கிறது. ஃபிரேமை மாட்டியபடியே கூட்டிப்போய் வாசலில் நிறுத்தினேன். ஏப்ரல் கடைசி. வெயில் இருந்தது, சூடு இல்லை. எதிரே துறைமுகம், அவளுடைய கப்பல், அதற்கு அப்பால் வளைகுடாத் தண்ணீர். கரையோரம் சாலை வளைந்து வளைந்து முனை வரை போகிறது. முனை மட்டும் மலைத் தோளுக்குப் பின்னால், இங்கிருந்து தெரியாது. உள்ளே வரும் கப்பலும் வெளியே போகும் கப்பலும் அதைச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

"என்னெல்லாம் தெரியுது சொல்லு."

"கப்பல் பேரு. மேல்தளத்துல ஒருத்தன் ஆரஞ்சு உரிக்கிறான். பாவி, தோலைத் தண்ணியில போடறான்." தலையை மெல்லத் திருப்பினாள். "மேட்டு மேல அந்த வெள்ளை வீட்டுல ஒரு அம்மா வெள்ளைத் துணி ஆட்டறாங்க. ஐயோ, குன்வோர் அம்மாவா அது? இன்னும் இருக்காங்களா?"

"எண்பத்தெட்டு. விரைவுப் படகு கிளம்புது, அதுக்கு ஆட்டறா. அவளுக்கு வர்ற படகு, போற படகு, மீன் படகு, எல்லாம் ஒண்ணுதான். போன மாசம் சுங்கப் படகுக்குக்கூட ஆட்டினா."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஃபிரேமின் இரண்டு வட்டங்களும் குன்வோர் வீட்டுப் பக்கமே இருந்தன.

"நீயும் ஆட்டறேன்னு சொன்ன," என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு எட்டு வயசு. நீயும் அம்மாவும் பிரிஞ்ச வருஷம், லீவு முடிஞ்சு அம்மாகிட்டத் திரும்பறேன். 'கப்பல் முனையத் தாண்டறப்ப பால்கனியப் பாரு, நான் ஆட்டுவேன்'னு சொன்ன. மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மால்லாம் கப்பல் கிளம்பற வரைக்கும் துறையில நின்னு கை காட்டுவாங்க. நீ என்னக் கப்பல்காரம்மா கையில ஒப்படைச்ச உடனே முதுகக் காட்டிட்டுக் காருக்கு ஓடுவ. அது பரவாயில்ல, பால்கனிக்குத்தான் ஓடறாருன்னு நினைச்சுக்குவேன். குளிர்ல மேல்தளத்துல நிப்பேன். முனை வரும். வீடு வரும். ஒண்ணும் இருக்காது. அஞ்சு வருஷம்ப்பா. ஒவ்வொரு தடவையும் நின்னேன். அப்புறம்தான் வரமாட்டேன்னு போன் பண்ணினேன், கைப்பந்துப் பயிற்சி இருக்குன்னு. நீ என்ன சொன்ன தெரியுமா? 'சரிம்மா, உன் இஷ்டம்.'"

"நான் ஆட்டினேன்," என்றேன்.

"அப்பா."

"ஒவ்வொரு தடவையும் ஆட்டினேன். படுக்கை விரிப்பு, ரெட்டைக் கட்டிலோடது. ரெண்டு கையாலயும். கப்பல் ஹாரன் அடிக்கும் பாரு, முனை வந்ததும்? அது எனக்குப் பதிலு. ஆட்டறவங்களுக்குத்தான் அடிப்பாங்க."

"ஹாரன் அடிக்கும்," என்றாள் மெதுவாக. "யாரோ குடுத்து வச்சவங்கன்னு நினைப்பேன்."

"நீதான். பைனாகுலர்ல உன்னப் பாப்பேன். சிவப்புச் சட்டை. ரெண்டு கையும் பாக்கெட்ல. கப்பலே பதில் சொல்லுது, பிள்ள ஒரு கை தூக்க மாட்டேங்குதேன்னு... அம்மா ஏதாவது சொல்லியிருப்பா, கோவமா இருக்கும், விடுன்னு விட்டுட்டேன்."

"பொய் சொல்லாத. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வெறும் வெள்ளை வீடுதான் இருந்துச்சு."

அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை. வெள்ளைச் சுவர், அதன் முன்னால் வெள்ளை விரிப்பு. இருபத்தைந்து வருடமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணைப் பற்றி இந்த ஊரில் அதிகம் தெரிந்தவன் நான்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். "தூரம் அதிகம்மா, தெரிஞ்சிருக்காது" என்று சொல்லியிருந்தால் போதும். அதுவும் பொய்யில்லை. அவள் நம்பியிருப்பாள், இரண்டு பேருக்கும் அது சுகமாகக்கூட இருந்திருக்கும்.

உள்ளே போய் வில்லைப் பெட்டியைத் திறந்தேன். ப்ளஸ் ஒன்றரையில் ஒரு ஜோடி எடுத்தேன். திரும்பி வந்து அவள் ஃபிரேமின் முன்வளையத்தில் இரண்டையும் செருகினேன்.

"இப்ப குன்வோரப் பாரு."

"எங்க?" என்றாள். "உள்ள போயிட்டாங்களா?"

"போகல. அங்கதான் நிக்கறா. ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

"வீடு தெரியுது. கொழகொழன்னு வெள்ளையா. வேற ஒண்ணும் தெரியல. இது என்ன?"

"இது உன் பத்தாவது வயசு," என்றேன். "நான் உனக்குப் போட்டுக் குடுத்த கண்ணாடி."

அவள் கையை உயர்த்தி வில்லைகளின் காம்பைத் தடவிக் கண்டுபிடித்தாள். இரண்டையும் வெளியே இழுத்தாள். பார்த்தாள். மறுபடி செருகினாள். பார்த்தாள். இழுத்தாள்.

"ஒண்ணு," என்றாள். செருகினாள். "ரெண்டு."

தெருவில் ஒரு மீன் லாரி போனது. அது போகும்வரை நான் காத்திருந்தேன்.

"ஒண்ணு. ரெண்டு." "தெரிஞ்சே போட்டியா?"

"தெரிஞ்சேதான். நல்லதுன்னு நினைச்சுப் போட்டேன். குறைச்சுப் போட்டா ஏறாதுன்னு அப்ப நம்பினோம். அது தப்புன்னு அப்புறம் படிச்சேன். உன் நம்பர் இவ்வளவு ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும் அரை. உனக்கு முக்கால்."

"எனக்கு மட்டும் ஸ்பெஷலா."

"ஆமா."

"ஏன்?"

"நீ என் பொண்ணு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று ஃபிரேமைத் தாண்டி எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "பக்கத்துத் தெருப் பிள்ளையாப் பொறந்திருந்தா அப்பாவப் பாத்திருப்பேன்," என்றாள்.

உள்ளே போய்க் காபி ஊற்றினேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம். மணி மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மூன்றாவது இழுப்பறையைத் திறந்து அந்த உறையை எடுத்து மேசையில் வைத்தேன். உறையின் மேல் அவள் பெயர் இருந்தது, தேதியும்.

"இது உனக்குன்னு வச்சிருந்தது. அரைமணியில தேய்ச்சு ஒரு ஃபிரேம்ல போட்டுடலாம். ஆனா ஆறரைதான். முழுசா வேணும்னா வரவழைக்க நாலு நாள் ஆகும்."

"ஒண்ணு குறைச்சலா?"

"ஒரு கண்ணுல ஒண்ணு. இன்னொண்ணுல முக்கால்."

அவள் உறையை முகத்துக்கு அருகே கொண்டுபோய்த் தேதியைப் படித்தாள். பிறகு மேசையில் வைத்தாள். என் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"வேணாம்ப்பா. குறைச்சலா பாத்தது போதும்."

"அப்ப கப்பல்ல எப்படி? படிக்கட்டு, சாப்பாட்டுக் கூடம்..."

"இதுலயே போறேன்." மூக்கிலிருந்த ஃபிரேமைத் தட்டிக் காட்டினாள். "பெர்கன் போய்க் கண்ணாடி வாங்கினதும் தபால்ல அனுப்பறேன். இல்ல, கடைக்கு வேணும்னு கொடுக்க மாட்டியா?"

"எடுத்துக்க. கனமா இருக்கும். குனிஞ்சா கழண்டு விழும்."

"குனிய மாட்டேன்."

ப்ளஸ் வில்லைகளை நான் பெட்டியில் போட்டு மூடினேன். காதுக்குப் பின்னால் கம்பியை இழுத்துச் சரி செய்து, திருகுகளை இறுக்கினேன். என் விரல் அவள் கன்னப்பொட்டில் பட்டது. அவள் விலகவில்லை. ஏழு வயதில் அதே இடத்தில் ஒரு மச்சம் இருந்தது. இப்போதும் இருந்தது.

துறைக்கு நடந்தோம். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தாள். வழியில் நிறுத்தி விசாரிக்கும் பழக்கமில்லாத ஊர் இது, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏணிப்படிக்குப் பக்கத்தில் நின்ற கப்பல் பணியாளன் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"மேடம், கப்பல நீங்களே ஓட்டப்போறீங்களா?"

"கேப்டனுக்குப் பாறை தெரியலைன்னா கூப்பிடச் சொல்லு," என்றாள்.

ஏணியில் இரண்டு படி ஏறி நின்றாள். நான் கீழே. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் நான் திரும்பி ஓடுவேன். கப்பல் கயிறு அவிழ்த்துத் திரும்பி முனைக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வளைவில் பிரேக்கே போடாமல் ஓட்டுவேன். இப்போது ஓடவில்லை. வண்டிச் சாவி கோட்டுப் பாக்கெட்டில் கையோடு இருந்தது. முனை வீட்டுச் சாவி அந்த வளையத்தில் இப்போது இல்லை.

"உனக்கு ஒண்ணு சொல்லல," என்றாள். "கண்ணாடி விழுந்தது தண்ணி தெறிச்சதால இல்ல. முனை வந்துது. வீடு தெரிஞ்சுது. துடைச்சுட்டு இன்னும் நல்லா பாக்கலாம்னு கழட்டினேன்."

"யோருன்," என்றேன். "வீடு வந்து..."

மேலே ஹாரன் அடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பணியாளன் ஏணியின் சங்கிலியைக் கையில் எடுத்தான். அவள் மேலே ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேல்தளத்துக் கம்பியருகே வந்து நின்றாள். ஒரு கையால் ஃபிரேமை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வாயருகே குவித்தாள்.

"அப்பா! நின்னுக்கிட்டே இருக்காத! அப்ப மாதிரியே ஓடு! பால்கனிக்குப் போ! நான் பாத்துக்கிட்டே வரேன். இந்தத் தடவை வெள்ளை வேணாம்ப்பா, சிவப்பா எதாவது எடுத்து ஆட்டறியா?"